ஒரு மூக்குப்பேணி சாறும் ஒரு நூலும்



இவ்வாரம் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைப் பற்றி எழுதுவதாகவே இருந்தேன். ஆயினும், சென்ற ஞாயிறு மாலை வந்த தொலைபேசி அழைப்பொன்று அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. அழைத்தவர் இப்பத்தியைத் தவறாது படிக்கும் ஒரு சகோதரி. இரண்டு வேலை செய்பவர். வீட்டில் மாமியாரும் மூன்று பிள்ளைகளும்.

"ரீச்சர், மாமி தண்ணியே குடிக்கிறா இல்லை. குடியுங்கோ எண்டால் முகத்தைத் திருப்பிறா. பிள்ளையள் எண்டால் லீவு விட்ட நாள் தொடக்கம் சோடாப் போத்தலும் கைத்தொலைபேசியும்தான். நீங்கள் கிழமைக்குக் கிழமை புத்தகம் வாசியுங்கோ எண்டு எழுதிறியள். எங்கடை வீட்டிலை ஆர் ரீச்சர் வாசிக்கிறது, எப்ப வாசிக்கிறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. களைப்போடு கேட்டார். எனக்கு உடனே விடை வரவில்லை. ஆதலால் இதனை அவருக்கான விடையாகவும், நோர்வேயின் எட்டு வாரக் கோடை விடுமுறையில் இதே நிலையில் இருக்கும் ஏனைய குடும்பங்களுக்கான ஒரு யோசனையாகவும் எழுதுகிறேன்.

முதலில் மாமியாரின் காரியம். முதுமையில் தாக உணர்வு மங்கிப்போகிறது. உடம்புக்கு நீர் வேண்டும். ஆனால் அது வேண்டும் என்று நாக்கு சொல்லாது. இதனை நான் நூலில் படித்து அறிந்தவளல்லள். எண்பத்து நான்கு வயதான என் தாயார் சென்ற மாரியில் காய்ச்சலோடு வைத்தியசாலையில் இரண்டு நாட்கள் சேலைன் ஏற்றப்பட்டுக் கிடந்தபோது தாதி ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தந்தது. வீடு திரும்பிய பின் நானும் அந்தச் சகோதரியைப் போலவே "குடியுங்கோ, குடியுங்கோ" என்று கண்ணாடிக் குவளையோடு பின்னால் திரிந்தேன். அம்மா அதனை மருந்தென எண்ணி வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஒருநாள், அலுமாரியின் மேற்தட்டில் அழகுப் பொருளாக இருந்த மூக்குப்பேணியைக் கழுவி, அதில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். அம்மா அதனை இரு கைகளாலும் வாங்கி, அண்ணாந்து, உதடு படாமல் ஒரே இழுவையில் குடித்து முடித்தார். மறந்துபோன எத்தனையோ விடயங்களின் நடுவே கைக்கு அந்தப் பேணி மறக்கவில்லை. (அண்ணாந்து குடிப்பது எல்லா முதியவர்களுக்கும் ஏற்றதன்று. புரைக்கேறும் இயல்புடையவர்களை நிமிர்த்தி இருத்தி, சிறிது சிறிதாகவே பருக்குங்கள். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு நீர் கொடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.)

தேசிக்காய்த் தண்ணீர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனினும் அதிலும் பிழை விடுவோர் உளர். இங்குள்ள கடைகளில் கிடைக்கும் தேசிக்காய் கல்லைப் போல இருக்கும். அதனைச் சிறிது நேரம் இளஞ்சூட்டு நீரில் போட்டுவைத்து, பின்னர் மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். சாறு இருமடங்காக இறங்குவது போலத் தோன்றும். தோலை நசித்துப் பிழிந்தால் கைக்கும். கால் லீற்றர் நீருக்கு ஒரு காய், இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. சீனியை முதலில் சிறிதளவு சுடுநீரில் கரைத்துவிட்டுப் பின் குளிர்நீர் சேருங்கள். வயிற்றோட்டம் கண்டவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஊரில் 'ஜீவனி' பக்கற் கிடையாத நாட்களில் நாம் செய்தது அதுதான். உப்பின் அளவில் மட்டும் கைக்கணக்குப் பார்க்காதீர்கள்.

ஊரில் எங்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டியிருக்கவில்லை. வெயிற்காலத்தில் வெள்ளரிப்பழம் வெடித்து மாப்போல உதிரும். அதனைச் சீனியோடு பிசைந்து நீர் விட்டால் அதுவே சாறு. சீனி கிடையாவிடில் பனங்கட்டி. விளாம்பழம், நெல்லி, கொடித்தோடை என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று வேலியோரத்தில் காத்திருக்கும். கோயில் திருவிழா என்றால் தண்ணீர்ப்பந்தல். மோர், சர்க்கரைத் தண்ணீர், ஊறுகாய்த் தண்ணீர். இந்த ஊறுகாய்த் தண்ணீரின் சுவையை இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு விளக்க நான் எடுத்த முயற்சிகள் யாவும் தோல்வியுற்றன. "உப்புத் தண்ணீரா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆம் என்றும் சொல்ல முடியவில்லை.

இனி, இந்த நாட்டுப் பழங்களுக்கு வருவோம்.

1998 இல் நான் நோர்வேக்கு வந்தபோது என் கணவர் வடக்கே பின்மார்க்கில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். பட்டதாரி ஆசிரியையான நானும் மூன்றாம் மாதமே வெள்ளை மேலங்கியும் இறப்பர்ச் சப்பாத்தும் அணிந்து கொட் மீனின் முள் எடுக்கத் தொடங்கினேன். அங்கே மரமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கல்லும் பாசியும் கடலும். பச்சையாக ஏதும் முளைக்காது என்று எண்ணியிருந்த வேளையில், யூன் மாத முடிவில், பக்கத்து வீட்டு மூதாட்டியின் சுவரோரமாகச் சேம்பிலை போன்ற பேரிலைகளோடு சிவந்த தண்டுகள் எழுந்தன. அவர் ஒரு தண்டை முறித்து, தோலுரித்து, ஒரு கிண்ணம் சீனியோடு என்னிடம் நீட்டினார். சீனியில் தொட்டுக் கடிக்க வேண்டுமாம். கடித்தேன். பல் கூசிற்று. பள்ளிக்கூட மதிலோரம் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்ற மாங்காய் நினைவுக்கு வந்தது. கண்ணீரும் வந்தது. புளிப்பினால் என்று அவர் எண்ணிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இருவருக்கும் இடையில் அப்போது பொதுவாக ஒரு மொழியும் இருக்கவில்லை.

அதுதான் ரபார்ப்ரா. அதிலிருந்து இந்நாட்டவர் காய்ச்சும் பாகுக்குச் 'சாஃப்ட்' என்று பெயர். செய்முறை மிக எளிது. ஒரு கிலோ தண்டை விரற்கடை அளவு துண்டுகளாக வெட்டி, ஒன்றரை லீற்றர் நீரில் இட்டு, தண்டு கரையும்வரை பதினைந்து இருபது நிமிடங்கள் மெல்லவிய விடுங்கள். பழைய வேட்டித் துண்டொன்றை நன்கு அவித்தெடுத்து, அதில் ஊற்றித் தானாக வடிய விடுங்கள். பொறுமையிழந்து பிழிந்தால் சாறு கலங்கும். குடிக்கலாம், ஆனால் அழகிராது. வடிந்த சாறு ஒரு லீற்றருக்கு முந்நூற்றைம்பது கிராம் அளவில் சீனி சேர்த்து, மீண்டும் ஒரு கொதி கொதிக்கவைத்து நுரையை அகற்றி, சுடுநீரில் அவித்த போத்தல்களில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு நான்கு ஐந்து பங்கு நீர். நான் கொதிக்கும்போது இரண்டு ஏலக்காயும் ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போடுவேன். அந்த மூதாட்டிக்கு அனுப்பிவைத்த முதற் போத்தல் அவ்வாறானதே.

ஓர் எச்சரிக்கை. ரபார்ப்ராவின் இலை நஞ்சு. கீரையென எண்ணிச் சுண்டிவிடாதீர்கள். தண்டிலும் ஒட்சாலிக் அமிலம் உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதனைத் தவிர்ப்பதே நன்று.

ஓகஸ்ற் பிறந்தால் காடெங்கும் புளோபேர் எனப்படும் நீலச் சிறுபழம். அதைப் பறிக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேலியிடப்படாத நிலத்தில் எவரும் நடக்கவும் பழம் பறிக்கவும் இந்நாட்டில் உரிமை உண்டு. 1957 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதனை உறுதி செய்கிறது. (வடக்கே முல்தே என்னும் மஞ்சட் பழத்துக்கு மட்டும் வேறு ஒழுங்குகள் உள. கேட்டுப் பறியுங்கள்.) அதிஉயர் பாதுகாப்பு வலயம் என்று சொந்த வளவுக்குள்ளேயே கால் வைக்க முடியாதிருந்த மக்களாகிய எமக்கு இந்தச் சட்டம் சாதாரணமானதாகத் தோன்றாது. காட்டுக்குள் நுழையும்போது இன்றும் எனக்குக் கால் ஒருகணம் தயங்கும். தோட்டங்களில் விளையும் சூல்பேர் எனப்படும் கறுப்புப் பழம் இன்னும் சிறந்தது. நிறைக்கு நிறை தோடம்பழத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் அதில் விற்றமின் சி உண்டு. இரண்டுக்கும் முறை ஒன்றே. ஒரு கிலோ பழத்துக்கு மூன்று நான்கு டெசிலீற்றர் நீர், பத்து நிமிடக் கொதி, வடித்து, முன்சொன்ன அளவில் சீனி.

சீனியைக் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். ஒஸ்லோவில் நடைபெற்ற ஆய்வுகள் எம்மவரிடையே நீரிழிவு மிகுந்துள்ளதைக் காட்டியுள்ளன. அதற்கு ஆய்வும் வேண்டாம், எங்கள் கலியாண வீட்டுப் பந்திகளில் மாத்திரைப் பெட்டி திறக்கும் ஓசையே போதும். சீனி இனிப்புக்கு மட்டுமன்று, சாறு பழுதாகாமல் காப்பதும் அதுவே. ஆகவே சீனியைப் பாதியாக்கினால் போத்தலில் அடைத்து வைக்க இயலாது. சிறிய பிளாஸ்ரிக் போத்தல்களில் வாய்வரை நிரப்பாமல் ஊற்றி, உறைபெட்டியில் வையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சீனியே சேர்க்காது, ஒரு மேசைக்கரண்டி சாற்றை ஒரு குவளை நீரில் விட்டுப் பருகலாம்.

இப்போது "ஆர் வாசிக்கிறது, எப்ப வாசிக்கிறது" என்ற வினா. சாறு வடிகின்ற நேரத்தில் வாசியுங்கள் என்பதே என் விடை. விளையாட்டாகச் சொல்லவில்லை. துணியில் ஊற்றிய சாறு வடிய அரைமணி நேரம் செல்லும். அந்நேரம் எவரும் எங்கும் போக முடியாது. ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்கலாம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும், கண் மங்கிய கிழவிக்கும் அது ஒன்றே.

அம்மாவுக்கு நான் முதலில் எடுத்தது செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. 1969 இல் வெளிவந்த நகைச்சுவை நாவல். யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி ஊர்விட்டு ஊர் புறப்பட்டுப் படும் பாடு. ஒரு பக்கம் வாசிப்பேன், அம்மா சிரிப்பார், சிரித்த வாய் மூடுமுன் பேணியை நீட்டுவேன். இரண்டு அத்தியாயத்துக்கு அரை லீற்றர் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அந்தச் சகோதரியின் மாமியாருக்கும் இதனையே பரிந்துரைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு மஹாகவியின் 'குறும்பா'. ஆங்கிலத்தில் லிமரிக் எனப்படும் ஐந்தடி வடிவத்தைத் தமிழோசைக்கு இசைவித்து 1966 இல் அவர் தந்த சிறுநூல். ஒன்றைப் படிக்க அரை நிமிடம் போதும். கைத்தொலைபேசிக்குப் பழகிய மனம் அதற்கு மேல் கேட்காது என்பதால் அன்று. அதன் குறும்பு பிள்ளைகளின் குறும்புக்கு ஈடு கொடுக்கும் என்பதால் சொல்கிறேன். நோர்வேஜிய மொழியில் வாசிக்கும் சிறு பிள்ளைகளுக்கு, சாறு குடித்து முடித்ததும், துர்பியோன் எக்னரின் 'காரியுஸும் பக்துஸும்'. 1949 இல் வெளிவந்தது. பல்லுக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் இரு குட்டிப் பூதங்கள் இனிப்புக்காக ஏங்கும் கதை. அதனைப் படித்தபின் பல் துலக்கச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு ஒன்று. நாம் இந்நாட்டை வரைபடத்தில் காண்பதற்கு நெடுங்காலம் முன்பே இதன் இலக்கியம் தமிழுக்கு வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1920 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற குனூத் ஹம்சுனின் பெருநாவலைக் க.நா. சுப்ரமண்யம் 'நிலவளம்' என்ற பெயரில் மொழிபெயர்த்துள்ளார். ஆளரவமற்ற காட்டில் ஈசாக் என்பவன் தனியனாக வந்து கல்லகற்றி, குடில் கட்டி, உருளைக்கிழங்கு நட்டு ஒரு வாழ்வை உண்டாக்கும் கதை. பின்மார்க்கின் இருண்ட மாரியில் அந்நூலே எனக்குத் துணையாக இருந்தது. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. இதே ஹம்சுன் முதுமையில் நாசிகளை ஆதரித்தார். தன் நோபல் பதக்கத்தையே 1943 இல் கோயபல்ஸுக்குக் கொடுத்தார். போருக்குப் பின் அதற்காகத் தண்டம் இறுத்தார். நாவலிலும் சாமி மக்களை இழிவாகவே காட்டுகிறார். அகதியாக வந்த நான் இதனைப் படிக்கலாமா என்று யோசித்ததுண்டு. படித்தேன். அந்தப் பக்கங்களில் அவர்மேற் கோபம் கொண்டேன். ஏனைய பக்கங்களில் ஈசாக்கோடு கல் சுமந்தேன்.

பிறருடைய இழிசெயலைச் சொன்ன வாய் எங்களுடையதையும் சொல்ல வேண்டும்.

ஆனி மாத இறுதியில் ஒருநாள் ரபார்ப்ராச் சாறு வடிந்துகொண்டிருந்தது. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதியை எடுத்து வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்தபடியே எழுதியவர். இத்தொகுதிக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 இல் 'மல்லிகை' தொடங்கி நெடுங்காலம் நடத்தி, 2021 இல் மறைந்தார். பத்தாம் வகுப்பு முடித்த என் இளைய மகள் பக்கத்தில் இருந்து கேட்டாள். வாசிப்பின் நடுவே, "அம்மா, ஆக்களுக்குத் தண்ணி குடுக்கிறதிலை என்ன வித்தியாசம்?" என்றாள். நான் விளக்கத் தொடங்கினேன். 1966 தொடக்கம் நடந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்கள், எங்கள் ஊரிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள சங்கானைத் தேநீர்க் கடைகள், மாவிட்டபுரம் கோயில் வாசல் என்று வகுப்பறைக் குரலில் அடுக்கிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா கண்ணை மூடியபடி இருந்தார். உறங்குகிறார் என்றெண்ணினேன். திடீரென்று, "வேலிக் கதியாலிலை ஒரு சிரட்டை இருந்தது. நான்தான் கொழுவி வைச்சனான்" என்றார்.

அறையில் சாறு சொட்டும் ஒலி மட்டும் கேட்டது.

அந்தச் சிரட்டை எனக்கும் தெரியும். எங்கள் வளவில் பனையேறிய பெரியவர் அதில்தான் தண்ணீர் குடிப்பார். அம்மா செம்பை உயர்த்தி ஊற்றுவார். அலுமாரியில் அழகாக வைத்து விருந்தினருக்குக் காட்டும் இந்த மூக்குப்பேணி வீட்டாருக்கும் எம்மோடு ஒத்தவர்களுக்கும். இரண்டையும் பார்த்தே வளர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் சாதியமைப்பைப் பற்றிக் கட்டுரையும் எழுதினேன்.

மகள் பாட்டியிடம், "ஏன் அம்மம்மா?" என்றாள். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "கைதடியிலை நாங்கள் எல்லாரும் ஒரு கோப்பையிலைதானே குடிச்சனாங்கள்" என்றார்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு. வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. மழை. ஓரடி வைக்க நெடுநேரம் செல்லும். விடிந்து கைதடியை அடைந்தபோது ஒரு வீட்டுப் படலையில் ஒருவர் வாளி நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைத்து, வருவோருக்கெல்லாம் ஒரே தகரக் கோப்பையில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பொருளாதாரத் தடையில் சீனி ஏது, பனங்கட்டி கரைத்திருந்தார். உதடு படாமற் குடித்துப் பழகிய என் தாயார் அந்தக் கோப்பையை வாயில் வைத்துக் குடித்ததை நான் கண்டேன். கொடுத்தவர் யார், எவர் என்று அம்மா அன்று கேட்கவில்லை. இருபத்தைந்து வயதில் அதைக் கண்ட நான் அம்மாவிடம் இதுவரை அதுபற்றிப் பேசவுமில்லை.

மகள் எழுந்து போய் மூக்குப்பேணியை அல்ல, தன்னுடைய சாதாரணக் கோப்பையை எடுத்துவந்து, புதிதாக வடிந்த சாற்றில் நீர் கலந்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டியிடம் நீட்டினாள். அம்மா வாங்கிக் குடித்தார். "புளிக்குது. இன்னும் கொஞ்சம் சீனி போடு" என்றார்.

அன்று ஜீவாவின் கதையை முடிக்கவில்லை. அடுத்த ரபார்ப்ராக் கட்டு வரும்வரை அது அடையாளத் துண்டோடு மேசையிற் கிடக்கிறது. கே. டானியலின் 'பஞ்சமர்' அதற்கடுத்து எனக் குறித்து வைத்திருக்கிறேன்.

நூல்கள் கிடையா என்று சொல்வோருக்கு: 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் இணையத்தில் இலவசமாக இட்டுள்ளனர். பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கும் ஒரு பயன் உண்டாகட்டும், தேடித்தரச் சொல்லுங்கள். தாளில் படிக்க விரும்புவோர், உங்கள் ஊர் நூலகத்தில் தமிழ் நூல் இல்லையெனின், பல்மொழி நூலகத்திலிருந்து தருவித்துத் தரும்படி கேளுங்கள். கட்டணம் இல்லை. கேட்பவர் குறைந்தால் தமிழ்த் தட்டும் குறையும் என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

தொலைபேசியில் அழைத்த சகோதரிக்கு: உங்கள் மாமியார் எந்த ஊரவர் என்று கேட்க மறந்துவிட்டேன். தீவகமாயின் தேசிக்காய்த் தண்ணீரில் உப்பைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். இரத்த அழுத்தம் இல்லையெனின் மட்டும். ரபார்ப்ரா தண்டு என் வீட்டுப் பின்புறத்தில் இன்னும் இரண்டு கிலோ வரை நிற்கிறது. சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். இலையை வெட்டிவிட்டே தருவேன்.